யாழ்ப்பாணத்தில் தீங்கு குறைப்புப் பணிக்கு வரும் புதியவருக்கு

யாழ்ப்பாணத்தில் இருவர் முதன்முறை சந்திக்கும்போது இரண்டு கேள்விகள் தாமாகவே வாயில் வந்து நிற்கும். "எவடம்?" என்பது ஒன்று, "ஆரின்ரை பிள்ளை?" என்பது மற்றது. முதலாவது, ஊரைக் கேட்பதுபோலச் சாதியைக் கேட்கிறது. இரண்டாவது, எதிரில் நிற்பவரைப் பதில் கிடைத்த கணத்திலேயே ஒரு குடும்பத்தின் மானத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. போதைப்பொருள் பாவிப்பவர்கள், கசிப்பினால் உடல் கெட்டவர்கள், பாலியல் தொழிலில் இருப்பவர்கள், திருநங்கைகள், வீடின்றிக் கடைத் தாழ்வாரங்களில் இரவைக் கழிப்பவர்கள் ஆகியோரின் உடல்நலத்துக்குத் துணை நிற்க விரும்பி வரும் புதியவர், மருந்துப் பையைத் தோளில் மாட்டுவதற்கு முன்னரே இந்த இரண்டு கேள்விகளையும் நாவிலிருந்து இறக்கி வைக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமாக இருந்தும் இவர்களிற் பலர் அதன் வாசலை மிதிப்பதில்லை. "ஆரும் கண்டால்?" என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது. அந்த அச்சத்தை எப்படிச் சிறிதாக்குவது என்பதை வைத்தே கீழுள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

தீங்கு குறைப்பு என்ற சொல்லைக் கேட்டதும், "அப்படியென்றால் பாவிக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்பவர்களை நீங்கள் முதல் வாரத்திலேயே சந்திப்பீர்கள். ஒருவர் இன்று நிறுத்தாவிட்டாலும் இன்றிரவு இறந்துவிடக் கூடாது, ஊசியால் இன்னொருவரின் நோயை வாங்கிக்கொள்ளக் கூடாது, காலில் உள்ள புண்ணுக்காகக் காலையே இழக்கக் கூடாது என்று பார்ப்பதே இந்தப் பணி. நிறுத்துவதா, எப்போது நிறுத்துவது என்பது அவருடைய தீர்மானம். அந்த நாள் வரும்போது அவர் உயிருடன் இருக்க வேண்டும், உதவி கேட்க ஒரு ஆளும் இருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் நகரில் பழைய ஊசியை வாங்கிப் புதிய ஊசி கொடுக்கும் முறையைத் தொடக்கியவர்கள் போதைப்பொருள் பாவித்தவர்களின் சங்கத்தினரே. ஈரல் அழற்சி தம்மிடையே பரவுவதைக் கண்டு அவர்கள் தமக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. இந்தப் பணியின் அறிவு பாவிப்பவர்களிடமிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்திருந்தால், பாடம் நடத்தும் ஆசை உங்களுக்குக் குறையும்.

வருவதற்கு முன்

முதலில் உங்கள் உடலைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். ஈரல் அழற்சி பி நோய்க்கு எதிரான தடுப்பூசி இலங்கையின் சிறுவர் தடுப்பூசித் திட்டத்தில் 2003ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவராயின் நீங்கள் அதைப் பெரும்பாலும் போட்டிருக்கமாட்டீர்கள். மூன்று ஊசிகளையும் போட்டு முடிக்க ஏறத்தாழ 6 மாதம் செல்லும் என்பதால் இன்றே தொடங்குங்கள். பாவித்த ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால், காயத்தைப் பிதுக்காமல், ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவிவிட்டு உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. அவற்றை 28 நாட்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும்.

தனியே செல்லாதீர்கள். இருவராகச் செல்லுங்கள், மூவருக்கு மேல் சென்றால் அது பார்வையிட வந்த குழுவாகிவிடும். கடன் கொடுப்பது, யாருடைய பொட்டலத்தையேனும் "ஒரு நிமிடம்" வைத்திருப்பது, உங்கள் மோட்டார் சைக்கிளில் பொருள் வாங்கும் இடத்துக்கு ஏற்றிச் செல்வது ஆகிய மூன்றையும் எந்தச் சூழலிலும் செய்வதில்லை என்று முதல் நாளே உங்களுக்குள் முடிவெடுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவர் உங்களிடம் வந்தால், அதை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளும் இரகசியமாக ஆக்காமல் குழுவின் மூத்தவரிடம் உடனே சொல்லுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கான தொலைபேசி இலக்கம் 1929.

சந்திக்கும் இடம்

மறைவான இடமே பாதுகாப்பானது என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. இந்த ஊரில் மறைவான இடம்தான் எல்லோர் கண்ணிலும் படும். ஆளில்லாத வளவுக்கு முன்னால் இரண்டு சைக்கிள் நின்றால், படலையடியில் நிற்கும் ஆச்சியிலிருந்து ஒழுங்கையால் பால் கொண்டு போகும் பெடியன் வரை அனைவரும் அது யாருடைய சைக்கிள் என்று அன்றே அறிந்துவிடுவார்கள். சனம் நிறைந்த இடத்தில் ஒருவரை எவரும் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணப் பேருந்து நிலையமும் சந்தையும் போதனா வைத்தியசாலையும் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில் இருப்பது எமக்குக் கிடைத்த பெரிய வசதி. தீவுப்பகுதியிலிருந்தோ வடமராட்சியிலிருந்தோ வரும் ஒருவர் "மரக்கறி வாங்க வந்தனான்" என்று எவரிடமும் சொல்லலாம். அது பொய்யாகவும் இருக்காது.

ஒரே நாளில் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்தில் இருங்கள். புதன்கிழமை நான்கு மணி என்று சொன்னால், மழை பெய்தாலும் எவரும் வராவிட்டாலும் அங்கே நின்று தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். முதல் ஐந்தாறு வாரம் ஒருவரும் வராமல் இருப்பது வழக்கம். அவர்கள் உங்களைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காவல்துறையினருடன் பேசுகிறீர்களா, யாரையேனும் படம் எடுக்கிறீர்களா, நோட்டம் விடுகிறீர்களா என்று எடைபோடுகிறார்கள்.

வேறு இடத்தில் அவர்களைக் கண்டால் நீங்கள் முதலில் சிரிக்கக் கூடாது. இதை நான் பிழைவிட்டுத்தான் கற்றேன். எங்களிடம் ஆணுறையும் மருந்தும் பெற்றுச் செல்லும் ஒரு பெண்ணை ஒருநாள் சந்தையில் கண்டு, பழகிய மகிழ்ச்சியில் "எப்படி அக்கா?" என்று கேட்டுவிட்டேன். அருகில் நின்றவர் அவருடைய மைத்துனர் என்பது எனக்குத் தெரியாது. "இவ ஆர்? உன்னை எப்பிடித் தெரியும்?" என்ற விசாரணை அந்த வீட்டில் ஒரு வாரம் நடந்தது, அவர் ஐந்து மாதம் எங்கள் பக்கம் வரவில்லை. அவர் முதலில் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள்; அவர் பார்க்காதது போலச் சென்றால் நீங்களும் பாக்கு வெற்றிலை விலை விசாரியுங்கள்.

கதைக்கும் முறை

எங்கள் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உண்டு. "நீ" என்பதை இவர்கள் காவல் நிலையத்தில் கேட்டுப் பழகியவர்கள். "நீர்" என்பது அலுவலகத்தையும் பள்ளிக்கூடத்தையும் நினைவுபடுத்தும். பத்தொன்பது வயதுப் பெடியனாக இருந்தாலும் "நீங்கள்" என்றே தொடங்குங்கள். பின்னர் அவரே உங்களை அண்ணை என்றோ அக்கா என்றோ அழைத்து, தன்னைத் தம்பியாக்கிக்கொள்வார். அந்த உறவை அவர் தரட்டும். திருநங்கை ஒருவரிடம் எந்தப் பெயரால் அழைப்பது என்று கேட்டு, அந்தப் பெயரையே வீட்டார் இல்லாத இடங்களில் பயன்படுத்துங்கள். வீட்டார் முன்னிலையில் எந்தப் பெயர் என்பதையும் அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடுகாரன், தூள்காரன், உயிர்கொல்லிப் போதைக்கு அடிமை என்று செய்தித்தாள்கள் எழுதும் சொற்களை நாம் எடுத்தாள வேண்டியதில்லை. "ஹெரோயின் பாவிக்கிறவர்" என்பது போதும். தேநீர் விடயத்திலும் ஒரு சொல். அவர்கள் வீட்டுக்கு உங்களை அழைத்துத் தேநீர் தந்தால் குடியுங்கள். இந்த ஊரில் எந்த வீட்டில் எவர் தண்ணீர் குடிக்கமாட்டார் என்பதற்கு நீண்ட கதை உண்டு. நீங்கள் "இப்பதான் குடிச்சனான்" என்று மறுத்தால், நீங்கள் சொல்லாத வேறொரு காரணம் அங்கே கேட்டுவிடும்.

முதல் சந்திப்பில் பாவனையைப் பற்றிக் கேட்காமல், "சாப்பிட்டீங்களா? நித்திரை எப்படி?" என்று தொடங்குங்கள். ஐஸ் எனப்படும் மெத்தாம்பெட்டமின் பாவிப்பவர் இரண்டு மூன்று நாள் நித்திரையின்றி இருந்திருப்பார். ஹெரோயின் பாவிப்பவருக்கு மலச்சிக்கல் இருக்கும். நீண்ட காலம் குடிப்பவருக்குக் காலையில் கை நடுங்கும். உடலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மற்றவை தாமே வரும். 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், நோயாளரின் மொழியில் பேசாமல் மருத்துவம் நடக்காது என்று தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நோயாளரின் மொழி என்பதற்குள் அவர் பயன்படுத்தும் மரியாதைச் சொற்களும் அடங்கும் என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

கொப்பியும் கைப்பேசியும்

பெயர்ப் பட்டியல் என்பதற்கு இங்கே வேறொரு வரலாறு இருக்கிறது. போர்க்காலச் சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டு, முகத்தை மூடிய தலையாட்டியின் ஒரு தலையசைப்பில் மனிதர்கள் பிரிக்கப்பட்டதைக் கண்ட தலைமுறை இன்னும் வாழ்கிறது. ஆகவே யாருடைய பெயரையும் முகவரியையும் கொப்பியில் எழுதாதீர்கள். நீங்களும் அவரும் மட்டும் அறிந்த ஒரு சொல்லும், அடுத்த சந்திப்பின் திகதியும், என்ன உதவி தேவை என்பதும் போதும். கைப்பேசியில் எண்ணைச் சேமிக்கும்போதும் அப்படியே. வைபரிலோ வட்ஸ்அப்பிலோ குழு அமைக்காதீர்கள், ஏனெனில் ஒருவர் கைதாகி அவருடைய கைப்பேசி வேறு கைக்குப் போனால் அதிலுள்ள அனைவரும் அகப்பட்டுவிடுவர்.

படம் எடுப்பதில்லை. புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து நல்ல மனத்தோடு பணம் அனுப்புபவர்கள், உலர் உணவுப் பொதியைக் கையில் வாங்கும் படம் ஒன்றைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. முகத்தை மறைத்தாலும் சட்டையை வைத்து ஆளைச் சொல்லும் ஊர் இது. பற்றுச்சீட்டைக் காட்டுங்கள், கணக்கைக் காட்டுங்கள். படம் வேண்டுமென்று வற்புறுத்தினால் அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்வதே சரி. நாங்கள் அவ்வாறு இரண்டு முறை சொல்லியிருக்கிறோம், பை வெறுமையாக இருந்த மாதங்களில்.

பையில் வைத்திருப்பவை

பள்ளிப் பிள்ளைகள் கொண்டு செல்லும் சாதாரணப் பை போதும். சின்னம் அச்சிட்ட பை வேண்டாம். அதற்குள் சுத்தமான கட்டுத்துணி, சவர்க்காரம், கையுறை, நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பொதி, ஆணுறை, பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், மூடி இறுகும் தடித்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று ஆகியவை இருக்கட்டும். கடைசியில் சொன்ன போத்தல் பாவித்த ஊசிகளுக்கானது. கடற்கரையிலும் பற்றைகளிலும் எறியப்படும் ஊசி சிறுவர் காலில் ஏறுவதைத் தடுப்பதும் இந்தப் பணியின் பகுதிதான். ஊசியைத் திரும்ப மூடியில் செருகாமல் அப்படியே போத்தலுக்குள் இடச் சொல்லுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, முன்கூட்டிப் பேசி வைத்த வைத்தியசாலைப் பிரிவில் ஒப்படையுங்கள். ஊசி, சிறிஞ் ஆகியவற்றைப் புதிதாக வழங்குவதாயின் அதற்கு முன் உங்கள் குழு ஒரு சட்டத்தரணியிடம் எழுத்தில் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும்.

இலங்கையில் ஹெரோயின் பாவிப்பவர்களிற் பெரும்பாலோர் ஈயத்தாளில் சூடாக்கிப் புகையை உள்ளிழுப்பவர்கள். ஊசியால் ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஊசியால் ஏற்றுபவரிடம், ஊசி மட்டுமன்றி, கலக்கும் கரண்டி, பஞ்சு, தண்ணீர் எதையும் இன்னொருவருடன் பகிரக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஈரல் அழற்சி சி கிருமி அவற்றின் வழியாகவும் பரவும். ஏற்றிய இடம் சிவந்து சூடாக வீங்கியிருந்தால் அதைக் கீறவோ பிதுக்கவோ விடாமல், காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மூச்சு அடங்கும்போது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டுமாயின் இதைச் செய்யுங்கள். ஹெரோயின் அளவு மிஞ்சியவர் சத்தமிட்டுத் துடிப்பதில்லை, அமைதியாகவே இறக்கிறார். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், உதடும் நகமும் நீலம் பாயும், மூச்சு மிக மெதுவாகும், தொண்டையிலிருந்து குறட்டை போன்றதொரு கரகரப்பு வரும். வீட்டார் அந்தச் சத்தத்தைக் கேட்டு, "நல்லா நித்திரை கொள்ளுறான், எழுப்பாதேங்கோ" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். காலையில் அவர் இருக்கமாட்டார்.

பெயர் சொல்லி உரத்துக் கூப்பிட்டு, நெஞ்செலும்பில் கைவிரல் முட்டியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். எழும்பாவிட்டால் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த நோயாளர் காவு வண்டிச் சேவை இலவசமானது, 2018ஆம் ஆண்டிலிருந்து வட மாகாணத்திலும் இயங்குகிறது. "எழுப்ப முடியவில்லை, மூச்சு குறைகிறது" என்று முதலில் சொல்லிவிட்டு இடத்தைச் சொல்லுங்கள். எங்கள் ஒழுங்கைகள் பலவற்றுக்குப் பெயரில்லை. கோயில், பள்ளிக்கூடம், சந்தி, மதகு என்று அடையாளம் சொல்லி, ஒருவரைச் சந்தியில் நிறுத்தி வையுங்கள். வண்டி வரும்வரை, தலையைப் பின்னே சரித்து, நாடியை (மோவாயை) உயர்த்தி, மூக்கைப் பிடித்து, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயால் மூச்சுக் கொடுங்கள். தானாக மூச்சு விடத் தொடங்கினால் இடப் பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். வாந்தி எடுத்தாலும் மூச்சுக்குழாய் அடைபடாது. மூச்சு முற்றாக நின்று, நாடித் துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி தேவைப்படும். அதை வாசித்துக் கற்க முடியாது, ஒரு பயிற்சிக்குச் சென்று பொம்மையில் அழுத்திப் பழகுங்கள்.

தேசிக்காய்த் தண்ணீர், மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மயங்கியவருக்கு அது நேரே நுரையீரலுக்குப் போகும். கிணற்றடியில் இருத்தித் தண்ணீர் வார்ப்பதும், கன்னத்தில் அறைவதும் நேரத்தைத் தின்னும். வைத்தியசாலையில் கொடுக்கப்படும் நலொக்சோன் மருந்து சில நிமிடங்களில் ஒருவரை எழுப்பிவிடும், ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடும்; உடலிலுள்ள ஹெரோயின் அதன் பின்னும் நிற்கலாம். எழுந்தவுடன் "வீட்டுக்குப் போறன்" என்று கிளம்புபவரைக் கையைப் பிடித்து இருத்துங்கள். என்ன எடுத்தார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; ஹெரோயினோடு கசிப்போ நித்திரைக் குளிசையோ பிரிகபலின் போன்ற மாத்திரையோ சேர்ந்திருந்தால் ஆபத்து பன்மடங்காகிறது.

மிக ஆபத்தான காலம் ஒன்றுண்டு. சிறையிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ வீடு திரும்பிய முதல் இரண்டு வாரம் அது. உடல் பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். மனம் பழைய அளவையே நினைத்திருக்கும். 2023 டிசம்பரில் காவல்துறை தொடங்கிய 'யுக்திய' போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின் பின் பெருந்தொகையானோர் நாடெங்கும் கைதாகி விளக்கமறியலுக்கும் புனர்வாழ்வுக்கும் சென்று திரும்பியிருக்கிறார்கள். ஒருவர் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்திலிருந்து எப்போது வருவார் என்பதை அறிந்து, வந்த மறுநாளே சந்தித்து, "எடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை, எடுத்தால் முன்பு எடுத்ததில் சிறு துளியளவோடு நிறுத்துங்கள், தனியே இருந்து எடுக்காதீர்கள், கதவைப் பூட்டாதீர்கள்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல முதலில் உங்களுக்கு நா கூசும். எனக்கும் கூசியது.

ஐஸ் பாவித்தவருக்கு நிலைமை வேறு. உடல் கொதிக்கும், நெஞ்சு படபடக்கும், எல்லோரும் தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று அஞ்சுவார். சித்திரை, வைகாசி வெயிலில் இது இன்னும் கடுமையாகும். நிழலில் இருத்தி, ஈரத் துணியால் உடலைத் துடைத்து, மெல்லப் பேசி, தண்ணீர் கொடுங்கள். சுற்றிக் கூட்டம் சேர விடாதீர்கள். நெஞ்சுவலி, வலிப்பு, அல்லது தொட முடியாத சூடு இருந்தால் 1990.

குடியைத் திடீரென நிறுத்துதல்

வீட்டில் அறைக்குள் பூட்டி வைத்து நிறுத்தச் செய்வது எங்கள் ஊரில் இன்னும் நடக்கிறது. ஹெரோயினை நிறுத்தினால் மூக்கொழுகல், உடல் உளைவு, வயிற்றோட்டம், வாந்தி எல்லாம் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்கு ஏறி ஒரு வாரத்தில் தணியும். நீரிழப்பைத் தடுத்தால் அதில் பெரும்பாலும் உயிராபத்து இல்லை. நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் குடியைத் திடீரென நிறுத்துவதுதான் உயிரைப் பறிக்கக் கூடியது. கடைசிக் குடியிலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறலாம். ஆகவே நிறுத்த விரும்புபவரை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் அப்படியொரு பிரிவு உண்டு.

அடிக்கடி தவறிப்போகும் ஒரு சிறு விடயம்: காலில் புண் என்று வெள்ளிக்கிழமை விடுதியில் அனுமதிக்கப்படுபவர் தாம் குடிப்பதைச் சொல்ல வெட்கப்படுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் சேலைன் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார். விடுதியில் அவரைப் பைத்தியம் என்பார்கள். அனுமதிக்கும்போதே தாதியிடம் தாழ்ந்த குரலில், "தினமும் இவ்வளவு குடிப்பவர், கடைசியாகக் குடித்தது நேற்று மாலை" என்று அவருடைய சம்மதத்துடன் சொல்லிவிடுங்கள். அதற்கு மருந்து உண்டு.

கிளினிக்குக்குக் கூடச் செல்லுதல்

"கிளினிக்குக்குப் போங்கோ" என்று சொல்வதும் கூடச் செல்வதும் ஒன்றல்ல. வாசலில் சந்தித்து, துண்டு எடுத்து, வரிசையில் அருகில் இருந்து, மருந்து வாங்கும்வரை நில்லுங்கள். முன்கூட்டியே ஒருநாள் நீங்கள் தனியே சென்று, எந்த வாசலால் போவது, எந்நேரம் கூட்டம் குறைவு, எந்த உத்தியோகத்தர் பண்பாகக் கதைப்பார் என்பதை அறிந்து வாருங்கள். அங்கே வேலை செய்பவர்களில் அவருடைய உறவினர் எவரும் உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் பருத்தித்துறை, மந்திகை ஆதார வைத்தியசாலையோ சாவகச்சேரியோ அவருக்கு வசதியாக இருக்கலாம்; தொலைவு சிலருக்குப் பாதுகாப்பு. நெடுந்தீவில் இருப்பவருக்கோ குறிகட்டுவானுக்குப் படகு ஏறுவதே ஒரு நாள் வேலை. அவருடைய திகதிகளைப் படகு நேரத்தோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை, பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியம் காக்கப்படும். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் உடனே சிகிச்சை தொடங்கப்படுகிறது. மருந்தை ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் கிருமி அளவிட முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் அது பரவாது. இதைச் சொல்லும்போது எதிரிலிருப்பவரின் தோள் இறங்குவதைக் காண்பீர்கள். பலர் இன்னும் முப்பது வருடத்துக்கு முந்திய சுவரொட்டிகளைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அது கஞ்சாப் புகையால் வந்தது என்று விட்டுவிடாமல் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். காசநோய்க்கு 6 மாதம் மருந்து எடுக்க வேண்டும். இரண்டாம் மாதத்தில் உடல் தேறியதும் நிறுத்திவிடுவதே இங்கு வழக்கமான பிழை.

திருநங்கையரும் திருநம்பியரும் 2016ஆம் ஆண்டிலிருந்து சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையின்படி மனநல வைத்தியர் மூலம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, அதைக்கொண்டு பிறப்புச் சான்றிதழையும் பின்னர் தேசிய அடையாள அட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். இதற்குப் பல பயணங்கள் வேண்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் வரிசையில் பழைய பெயர் உரத்து அழைக்கப்படும் கணமே அவர்களுக்கு மிகக் கடினமானது. முன்னரே உத்தியோகத்தரிடம் சென்று இலக்கத்தால் அழைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலோர் செய்கிறார்கள்.

சட்டம் பற்றிச் சிறிது

1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் கடுமையானவை. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் நீதவானின் கட்டளையால் ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப இடமளிக்கிறது. வீதியில் நிற்கும் பெண்கள் மீதும் வீடற்றோர் மீதும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் பாய்கிறது. நீங்கள் சட்டத்தரணி அல்லர். சட்ட விளக்கம் கொடுக்காதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் எங்கே என்பதையும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்தையும் தெரிந்து வைத்திருங்கள். கைதானவர் எச்.ஐ.வி., காசநோய் அல்லது வலிப்பு மருந்து எடுப்பவராயின், அந்த மருந்து சிறைக்குள் தொடர வேண்டும் என்பதை அவருடைய சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பதே உங்களால் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம்.

வீட்டார்

எப்படியோ ஒருநாள் ஒரு தாய் உங்கள் எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார். "பிள்ளை, உண்மையைச் சொல்லும், அவன் இன்னும் எடுக்கிறானே?" என்று அழுவார். பொய் சொல்லவும் வேண்டாம், உண்மையைக் கொடுக்கவும் வேண்டாம். "அம்மா, அதை அவரிடம்தான் கேட்க வேணும், ஆனால் உங்களுக்கு நான் வேறொன்று சொல்லித் தாறன்" என்று மூச்சடங்கும் அடையாளங்களையும் 1990 இலக்கத்தையும் கற்றுக் கொடுங்கள். வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவர் அவர்தான். செல்வச்சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்திருப்பதாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நேர்த்தியும் கிளினிக் திகதியும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் பெற்றோரும் ஆலோசனை கேட்கலாம். பாவிப்பவரோ வீட்டாரோ சாவதைப் பற்றிப் பேசினால் அதைப் பேச்சுக்குச் சொல்வதாக எடுக்காமல், அருகில் இருந்து கேட்டு, 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

விலகிச் செல்லும்போது

நீங்களும் ஒருநாள் வெளிநாடு போவீர்கள், திருமணம் முடிப்பீர்கள், அல்லது களைத்துவிடுவீர்கள். சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். இவர்களை விட்டுச் சொல்லாமல் போனவர்கள் ஏற்கெனவே பலர். ஒரு மாதத்துக்கு முன்னரே சொல்லி, உங்களுக்குப் பதிலாக வருபவரை இரண்டு புதன்கிழமை உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். அவரைப் பற்றி இவர்களிடம் சொல்லுங்கள், இவர்களைப் பற்றி அவரிடம் அவர்கள் சம்மதித்ததை மட்டும் சொல்லுங்கள். கொப்பியைக் கிழித்து எரியுங்கள். மூன்றாவது புதன்கிழமை, நான்கு மணிக்கு, நீங்கள் இல்லாமல் அவரை அனுப்புங்கள்.